கிராணி கையெழுத்து

தஞ்சோங் கிளிங்
பிப்ரவரி 4

அன்புத் தங்கை மங்களத்துக்கு,

அண்ணன் பரமேஸ்வரன் ஆசியுடன் எழுதுவது. நான் நலம். உன் முட்டிவலி குறைந்ததா? மாப்பிள்ளை பாலகிருஷ்ணனும் மருமகள் அகல்யாவும் சௌக்கியமாக இருப்பார்கள் என்று நம்புகிறேன்.

நீ பலமுறை போன் அடித்தாய். தெரியும். போனில் நீ பேசுவாய், நான் கேட்பேன், வைத்த பிறகுதான் நான் சொல்ல வந்தது ஞாபகம் வரும். முப்பது வருடம் போஸ்ட் ஆபிஸில் முத்திரை குத்தியவனுக்குக் கடிதம்தான் சரிப்படும். எழுது.

ஒரு வேலையும் இருக்கிறது. நாம் படித்த தோட்டப் பள்ளிக்கு ஆண்டு மலர் போடுகிறார்கள். என்னிடம் கட்டுரை கேட்டிருக்கிறார்கள். விளங்காத விஷயங்களுக்கு நம் மக்கள் என்னென்ன பெயர் வைத்திருந்தார்கள் என்று எழுதலாமென்று இருக்கிறேன். மர்மம், புதிர், சூட்சுமம், பூடகம் எல்லாம் புத்தகத்திலேயே கிடைக்கும். எனக்கு வேண்டியது ரப்பர்த் தோட்டத்துப் பால் மரத்தடியில் பேசியது. உனக்குத்தான் அந்தக் காது உண்டு. தோன்றியதை எழுதி அனுப்பு. எப்படிச் சொல்வார்கள் என்று உதாரணமும் கொடு.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்பு அண்ணன்,
பரமேஸ்வரன்


சிம்பாங் அம்பாட்
பிப்ரவரி 13

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கை மங்களத்தின் வணக்கம். இங்கே எல்லோரும் நலம். முட்டிவலி அப்படியேதான் இருக்கிறது. நீங்கள் நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களா?

நான் எட்டுத் தடவை போன் அடித்தது முட்டிவலியைச் சொல்வதற்கு இல்லை. அகல்யாவுக்குப் பரிசம் போடுகிறோம். வைகாசி கடைசி ஞாயிறு, நம் வீட்டிலேயே. பையன் பெயர் புவனேஷ். செங் ஊரில் இவள் வேலை செய்யும் அதே தொழிற்சாலையில்தான் வேலை. அவன் அப்பா சாமிக்கண்ணு ஜாசின்காரர், முறை தவறினால் முகம் சுருங்கிவிடும் மனிதர். பையன் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பி ஒரு மாதம் ஆகிறது. நீல டிக் இன்னும் வரவில்லை.

தாய்மாமன் நீங்கள்தான் முகூர்த்த ஓலையைச் சபையில் வாசிக்க வேண்டும். தோட்டத்தில் எந்த வீட்டுப் பரிசமானாலும் ஓலை வாசிக்க உங்களைத்தான் கூப்பிடுவார்கள். சொந்த மருமகளுக்கு வராமல் இருப்பீர்களா? வருகிறேன் என்று ஒரு வரி எழுதுங்கள், போதும்.

இனி உங்கள் சொற்கள்.

மூடுமந்திரம். உதாரணம்: "எங்கண்ணன் ஏன் போன எடுக்கிறதில்லங்கிறது ஒரே மூடுமந்திரமா இருக்கு."

சிதம்பர ரகசியம். உதாரணம்: "வாட்ஸ்அப்ப அவரு பாக்குறாரா இல்லியாங்கிறது சிதம்பர ரகசியம்."

எந்தா லா. மலாய்க்காரர்களிடம் வாங்கியது. யாருக்குத் தெரியும் என்று கையை விரிப்பது. அம்மா ஒரு நாளைக்குப் பத்துத் தடவை சொல்வாள். "அண்ணன் எப்பம்மா வீட்டுக்கு வரும்?" என்று நான் கேட்டால், "எந்தா லா."

கிராணி கையெழுத்து. தோட்ட ஆபிஸில் கணக்கு எழுதும் கிராணி துண்டுச் சீட்டில் கிறுக்கி அனுப்புவது பெரியவர்கள் யாருக்கும் விளங்காது அல்லவா? அதனால் விளங்காத எதையும் அப்பா இப்படித்தான் சொல்வார். மழை ஏன் வரவில்லை என்று கேட்டால்கூட, "அதெல்லாம் கிராணி கையெழுத்து, நமக்கென்ன தெரியும்?"

போதுமா? எனக்கு வேண்டியது ஒரே ஒரு வரி.

தங்கை மங்களம்


தஞ்சோங் கிளிங்
மார்ச் 10

அன்புத் தங்கைக்கு,

அண்ணனின் ஆசி. நலம். உன் நலமும் வீட்டார் நலமும் அறிய ஆவல். இங்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது. நீ வெளியே போகும்போது குடை எடுத்துக்கொள்.

உன் உதாரணங்களைக் கேட்டுச் சிரித்தேன். அகல்யாவுக்கு என் ஆசி. நல்ல இடமாகத்தான் தெரிகிறது. ஓலை வாசிப்பதை இப்போதெல்லாம் ஐயரே செய்துவிடுகிறார். இல்லாவிட்டால் இளையவர் யாராவது வாசிக்கலாம். காலத்துக்கேற்ப நாமும் மாற வேண்டும்.

ஒன்று கேட்க மறந்தேன். ஆபிஸ் கிராணியை வைத்து அப்பா ஒன்று சொல்வாரே, விளங்காத விஷயத்துக்கு. நாக்கு நுனியில் நிற்கிறது, வரமாட்டேன் என்கிறது. உனக்கு ஞாபகம் இருந்தால் எழுது.

எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

அண்ணன்


சிம்பாங் அம்பாட்
மார்ச் 15

அன்புள்ள அண்ணனுக்கு,

வணக்கம். எல்லோரும் நலம், என் ரத்த அழுத்தத்தைத் தவிர. அது உங்கள் கடிதம் வந்த அன்று ஏறியது.

ஒரு மாதம் காக்க வைத்து எழுதியிருக்கிறீர்கள். வருகிறீர்களா என்ற கேள்விக்குப் பதில் இல்லை. கிராணி கையெழுத்தைப் பற்றிப் போன கடிதத்திலேயே அரைப் பக்கம் எழுதினேன். அதையே மறுபடி கேட்கிறீர்கள். என் கடிதத்தைப் படித்தீர்களா இல்லையா? உட்கார்ந்து எழுதுகிறவளுக்கு வேறு வேலை இல்லை என்று நினைப்பா?

உங்கள் கடிதத்தைப் படிக்க எனக்கு அரை நாள் ஆனது. ஒரு வரி மேல் இன்னொரு வரி ஏறி உட்கார்ந்திருக்கிறது. "வெயில்" என்று இரண்டு தடவை எழுதியிருக்கிறீர்கள். உங்கள் மாப்பிள்ளையிடம் காட்டினேன். "மச்சான் பஸ்ல ஒக்காந்து எழுதிருப்பாரு" என்று சொல்லிவிட்டு டிவி பார்க்கப் போய்விட்டார். இந்த வீட்டில் எனக்கு வாய்த்தது எல்லாம் இப்படி.

ஐயர் வாசிக்கலாமாம், இளையவர் வாசிக்கலாமாம். சாமிக்கண்ணு அண்ணன் முதல் நாளே கேட்டார், "தாய்மாமன் இருக்காருல்ல?" என்று. இருக்கிறார் என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்லியிருக்கிறேன். என்னைப் பொய்க்காரி ஆக்காதீர்கள்.

உடம்புக்கு ஏதாவது என்றால் அதையாவது சொல்லுங்கள்.

மங்களம்


தஞ்சோங் கிளிங்
ஏப்ரல் 9

அன்புத் தங்கைக்கு,

அண்ணனின் ஆசி. உடம்புக்கு ஒன்றுமில்லை. நன்றாகச் சாப்பிடுகிறேன், மாலையில் கடலோரம் நடக்கிறேன். உன் ரத்த அழுத்தத்துக்கு உப்பைக் குறை.

வைகாசியில் இங்கே கோயில் வேலைகள் இருக்கும்போலத் தெரிகிறது. பரிசத்துக்கு வர இயலுமா என்று சொல்ல முடியவில்லை. எனக்காக எதையும் நிறுத்த வேண்டாம். கல்யாணத்துக்கு எப்படியும் வருவேன், கடைசி வரிசையில் உட்கார்ந்து பார்த்துவிட்டு வருவேன்.

கட்டுரைக்கு இன்னும் ஒரே ஒரு சொல்தான் வேண்டும். ஒரு மனிதன் தன் கையால் எழுதியதே தனக்கு விளங்காமல் போனால், அதற்கு நம் பக்கத்தில் என்ன பெயர்? யோசித்துப் பார்.

அண்ணன்


சிம்பாங் அம்பாட்
ஏப்ரல் 16

அண்ணனுக்கு,

வணக்கம். நலம் விசாரிக்கிற நிலையில் நான் இல்லை. நீங்கள் நலம் என்று நீங்களே எழுதிவிட்டீர்கள்.

தன் கையால் எழுதியது தனக்கே விளங்காமல் போனால் என்ன பெயரா? கொழுப்பு என்று பெயர். உங்கள் கடிதங்கள் எனக்கு விளங்கவில்லை, உங்களுக்கும் விளங்கவில்லை என்றால் பிறகு எதற்கு எழுதுகிறீர்கள்?

உங்கள் கோயிலின் பூசை நாட்கள் எனக்கும் தெரியும். வைகாசியில் அங்கே ஒரு வேலையும் கிடையாது. கடைசி வரிசையில் உட்காருவாராம். தாய்மாமன் உயிரோடு இருந்தும் வராத பரிசம் என்று ஊர் பேசாதா? அகல்யா நேற்று கேட்டாள், "மாமாவுக்கு என்னைப் பிடிக்கலியாம்மா? இல்ல அவரைப் பிடிக்கலியா?" என்று. நான் என்ன சொல்வது? நான் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

நான் என்ன தப்புச் செய்தேன் அண்ணே? அண்ணி காரியத்தில் ஏதாவது குறை வைத்தேனா? எந்த வார்த்தையாவது தவறிச் சொன்னேனா? சொல்லிவிட்டாவது கோபப்படுங்கள். இப்படி மூடி மூடி வைத்து என்னைக் கொல்லாதீர்கள்.

இதற்கும் ஒரு மாதம் கழித்துப் பதில் போடுவதாக இருந்தால் போடவே வேண்டாம்.

மங்களம்


தஞ்சோங் கிளிங்
ஏப்ரல் 24

மங்களம் தங்கச்சிக்கு வணக்கம்.

நான் சேகரன். உங்க அண்ணன் வீட்டுக்குப் பக்கத்து வீடு. முன்ன லாரி ஓட்டிக்கிட்டு இருந்தேன். உங்க அண்ணி காரியத்தப்ப பாத்திருப்பீங்க. வீட்டுல எல்லாரும் சுகமா? நான் ஆறாம் வகுப்பு வரைக்கும்தான். தப்பு இருந்தா பொறுத்துக்கணும்.

அண்ணனுக்குத் தெரியாம எழுதுறேன். ஜனவரி மாசம் ஒரு காலையில பேப்பரக் கையில வெச்சுக்கிட்டு எங்க வீட்டு வாசல்ல வந்து நின்னாரு. "சேகரா, இன்னிக்கு எந்த பாஷையில அச்சடிச்சிருக்கான்?"ன்னு கேட்டாரு. வெளையாடுறாருன்னு நெனச்சேன். தமிழ்தாண்ணேன்னு சொன்னேன். அவரு மொகம் போன போக்கப் பாத்ததும்தான் எனக்குப் பயம் வந்துச்சு.

பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனேன். மூளைக்குப் பின்பக்கம் ரத்தம் போற ஒரு சின்னக் குழாய் அடைச்சிருக்காம். பேச்சு வருது, எழுதவும் வருது. படிக்க மட்டும் வரல. தன் கையால எழுதினத அஞ்சு நிமிசம் கழிச்சுக் காட்டினா, அவருக்கே தெரியல. டாக்டரம்மா, "எழுத்தப் பாத்தா எப்படி இருக்கு?"ன்னு கேட்டாங்க. அண்ணனால சொல்ல முடியல. அதுக்கு ஒரு சொல்லுத் தேடித்தான் உங்களக் கேட்டுக்கிட்டே இருக்காரு. பள்ளிக்கூட மலருக்குன்னு யாரும் கட்டுரை எதுவும் கேக்கல.

உங்க கடுதாசியெல்லாம் நான்தான் படிச்சுக் காட்டுறேன். நான் மகன் வீட்டுக்குப் போயிட்டா நான் வர்ற வரைக்கும் அது பிரிக்காமலே கெடக்கும். அதான் பதில் லேட்டு. கேட்டது மறந்துட்டா மறுபடி எடுத்துப் பாக்கவும் அவரால முடியாது, அதான் அந்தக் கிராணி சொல்லத் திரும்பக் கேட்டாரு. ரெண்டு தடவ கோப்பிக் கடையில வெச்சுப் படிச்சேன், மன்னிக்கணும். சிதம்பர ரகசியத்துக்கு எல்லாரும் சிரிச்சாங்க. போன கடுதாசிக்கு யாரும் சிரிக்கல. அண்ணன் எந்திரிச்சுப் போயிட்டாரு.

போன்ல பேசினா ரெண்டு நிமிசத்துல நீங்க கண்டுபிடிச்சிருவீங்கன்னு பயப்படுறாரு. பரிசத்துல ஓலையக் கையில குடுத்துட்டா என்ன செய்யிறதுன்னு தூக்கம் இல்ல அவருக்கு. நான் சொன்னேன்னு மட்டும் சொல்லிராதீங்க.

சேகரன்


சிம்பாங் அம்பாட்
மே 3

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கை மங்களத்தின் வணக்கம். எல்லோரும் நலம். உங்கள் நலத்துக்கு அம்மனை வேண்டிக்கொள்கிறேன். மருந்து மாத்திரை எது கொடுத்தாலும் தவறாமல் சாப்பிடுங்கள்.

கோபத்தில் எழுதியதை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டாம். பரிசத்துக்கு இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது. ஐயர் ஓலையை இப்போதே எழுதிக் கொடுத்துவிட்டார். அதைக் கீழே அப்படியே எழுதியிருக்கிறேன். பிழை இருந்தால் திருத்திச் சொல்லுங்கள். பக்கத்து வீட்டு சேகரன் அண்ணனை இரண்டு மூன்று தடவை சத்தமாக வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். காதில் விழுந்தால்தான் பிழை தெரியும்.

"சிம்பாங் அம்பாட் பாலகிருஷ்ணன், மங்களம் தம்பதியரின் மகள் அகல்யாவை, ஜாசின் சாமிக்கண்ணு அவர்களின் மகன் புவனேஷுக்கு, வருகிற ஆவணி மாதம் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரை மணிக்கு மேல் ஒன்பது மணிக்குள் மணம் முடித்துக் கொடுப்பதென்று பெரியோர் கூடிய இந்தச் சபையில் நிச்சயித்து, தாம்பூலம் மாற்றிக்கொள்கிறோம்."

அவ்வளவுதான். மொத்தமே ஒரு வாக்கியம். அவசரமில்லை, நிதானமாகக் கேளுங்கள். அகல்யா உங்களுக்கு வேட்டி எடுத்து வைத்திருக்கிறாள்.

அன்புத் தங்கை,
மங்களம்


தஞ்சோங் கிளிங்
மே 17

அன்புத் தங்கைக்கு,

அண்ணனின் ஆசி. நலம் என்று இனிமேல் சும்மா எழுதப் போவதில்லை. மாத்திரை சாப்பிடுகிறேன்.

ஒரு முழுக் கடிதம் எழுதியிருக்கிறாய், ஓர் இடத்தில்கூட என்னைத் திட்டவில்லை. உனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து இப்படி நடந்ததில்லை. சேகரனைக் கேட்டேன். தலையைச் சொறிந்துகொண்டு, "எனக்கொண்ணும் தெரியாதுண்ணே" என்றான். அவனுக்குப் பொய் சொல்ல வராது. எனக்கு வருகிறது, அதற்காக நீ என்னை மன்னிக்க வேண்டும்.

வெட்கமாக இருந்தது மங்களம். உண்மையான காரணம் அதுதான். எழுத்து கண்ணுக்குத் தெரிகிறது, சுழி தெரிகிறது, புள்ளி தெரிகிறது. என்னவென்று மட்டும் தெரியவில்லை. இதைக்கூட எழுதி முடித்ததும் எனக்குப் படிக்கத் தெரியாது. வாசிக்கிறவன் என்றுதான் தோட்டமே என்னை மதித்தது. அது போனால் பரமேஸ்வரன் என்று சொல்ல என்னிடம் என்ன இருக்கிறது? உன்னிடம் சொன்னால் நீ அழுவாய், பிறகு திட்டுவாய், பிறகு வந்து கூட்டிப் போவாய். மூன்றுக்கும் பயந்தேன்.

அகல்யா கேட்டதைச் சேகரன் வாசித்தபோதுதான் நான் செய்த காரியம் எனக்கு உறைத்தது. அவளிடம் சொல், மாமாவுக்கு அவளையும் பிடிக்கும், அவரையும் பிடிக்கும்.

வருகிறேன். ஓலை மனப்பாடம் ஆகிவிட்டது. கடலோரம் நடக்கும்போது சொல்லிச் சொல்லிப் பார்க்கிறேன். தாளை என் கையில் நேராகக் கொடு. எது தலை எது கால் என்று தடுமாறிவிடுவேனோ என்று பயம். மேல் ஓரத்தில் மட்டும் மஞ்சள் தடவி வை.

அண்ணன்


தஞ்சோங் கிளிங்
வைகாசி கழிந்து மூன்றாம் நாள்

அன்புத் தங்கைக்கு,

அண்ணனின் ஆசி. வீட்டில் எல்லோரும் அலைச்சல் தீர்ந்து நலமாக இருப்பீர்கள். நான் நலம். பரிசத்தில் சாப்பிட்ட பாயசம்தான் இன்னும் நாக்கில் இருக்கிறது.

இந்தத் தடவை கோபம் எனக்கு. பரிசத்தன்று வாசித்து முடித்ததும் கூடம் ஏன் அப்படிச் சத்தமில்லாமல் போனது? தட்டை நீட்ட வந்த சாமிக்கண்ணு நின்றுவிட்டார். என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்து, "தாள்ல வேற நேரம்ல போட்டிருக்கு?" என்றார். நீ எங்கிருந்தோ ஓடி வந்து தாளை என் கையிலிருந்து பிடுங்கினாய். "தாள்லதாங்க தப்பு. எங்கண்ணன் வாசிச்சதுதான் சரி" என்றாய். அவர் என்னைப் பார்த்தார், உன்னைப் பார்த்தார். பிறகு, "சரி, சபையில வாசிச்சாச்சு. வாசிச்சத மாத்தக் கூடாது" என்று தட்டை மாற்றினார்.

திரும்பி வரும்போது காரில் சேகரன் வாயே திறக்கவில்லை. கேட்டால் வெற்றிலை போட்டிருக்கிறேன் என்கிறான். பிறகு இருமுறை உனக்குப் போன் அடித்தேன், நானாகவே அடித்தேன். நீ எடுக்கவில்லை. இப்போது மூடுமந்திரம் போடுவது யார்? நான் வாசித்தது சரியா, தப்பா? உண்மையை எழுது.

அண்ணன்


சிம்பாங் அம்பாட்
ஜூன் 21

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கை மங்களத்தின் வணக்கம். எல்லோரும் நலம். என் முட்டிவலியும் நலம்.

சேகரன் அண்ணே, இந்தக் கடிதத்தை வீட்டில் வைத்துப் படியுங்கள். கோப்பிக் கடையில் படித்தது என் காதுக்கு வந்தால் அங்கேயே வந்து பேசுவேன்.

அண்ணே, நீங்கள் வாசித்தது தப்பு. தப்பு என்னுடையது. பரிசத்துக்கு மூன்று நாள் முன்பு சாமிக்கண்ணு அண்ணன் போன் செய்தார். ஜொகூரிலிருந்து அவர் ஆட்கள் கல்யாணத்துக்கு வர வேண்டும், ஏழரை ரொம்பச் சீக்கிரம், ஒன்பதுக்கு மேல் பத்தரைக்குள் வைத்துக்கொள்ளலாமா என்றார். ஐயரும் அதுவும் நல்ல நேரம்தான் என்று புதுத் தாள் எழுதிக் கொடுத்தார். அதன் மேல் ஓரத்தில் நீங்கள் சொன்னபடி மஞ்சள் தடவியது இதே கைதான். மண்டபத்துக்குச் சொன்னேன், சமையலுக்குச் சொன்னேன், மாலைக்காரருக்குச் சொன்னேன். உங்களுக்கு மட்டும் சொல்லவில்லை. ஏன் தெரியுமா? தாளில்தான் இருக்கிறதே, அண்ணன் பார்த்துக்கொள்வார் என்று இருந்துவிட்டேன். எல்லாம் தெரிந்த நானே அப்படி இருந்துவிட்டேன். உங்கள் போனை எடுக்காததும் அதனால்தான். என்ன சொல்வதென்று தெரியவில்லை.

நீங்கள் கணீரென்று "ஏழரை" என்றதும்தான் நான் செய்த தப்பு எனக்குத் தெரிந்தது. பிறகு உங்கள் முகத்தைப் பார்த்தேன். அண்ணி போன பிறகு அப்படி மலர்ந்த ஒரு முகத்தை நான் பார்க்கவில்லை. அதற்கு மேல் எனக்கு எது சரி, எது தப்பு என்று யோசிக்கத் தோன்றவில்லை. நேரத்தை மாற்றக் கேட்டவரே சாமிக்கண்ணு அண்ணன்தான். தாளில் தப்பு இல்லை என்று அவருக்குத் தெரியாதா? ஏன் ஒத்துக்கொண்டார் என்று கேட்டால், எந்தா லா.

இப்போது கல்யாணம் ஏழரைக்குத்தான். ஜொகூர்க்காரர்கள் பொழுது விடியும் முன்பே கிளம்ப வேண்டுமாம். அலங்காரம் செய்கிற பெண் விடியற்காலை மூன்று மணிக்கே வர வேண்டுமா என்று முணுமுணுக்கிறாள். எல்லோரும் என்னைத்தான் திட்டுகிறார்கள். திட்டட்டும். அந்தத் தாளை அடுப்பில் போட்டுவிட்டேன்.

ஒரு சொல் கேட்டீர்களே, தன் கையால் எழுதியது தனக்கே விளங்காமல் போனால் என்ன பெயர் என்று. அன்றைக்கு நான் சொன்ன பதிலுக்கு என் வாயில் நானே அடித்துக்கொண்டேன். எவ்வளவு யோசித்தும் அப்பா சொன்னதற்கு மேல் எதுவும் வரவில்லை. கிராணி கையெழுத்து. ஆனால் அண்ணே, அந்தக் கிராணி சீட்டைத் தோட்டத்தில் யார் வாசித்துச் சொன்னார்கள்? நீங்கள்தானே? யார் எப்போது சீட்டை நீட்டினாலும் ஒருநாளும் நீங்கள் சலித்துக்கொண்டது கிடையாது. இனி நான் வாசிக்கிறேன். நான் சலித்துக்கொள்வேன், அது வேறு விஷயம்.

இனிக் கடிதம் போட மாட்டேன். இது கிடைத்த மறுநாள் காலை எட்டு மணிக்கு உங்கள் போன் அடிக்கும். பேப்பரை முதல் பக்கத்திலிருந்து மரண அறிவித்தல் வரை வாசிப்பேன். தினமும் வாசிப்பேன். இரண்டாவது தடவை மணி அடிக்கும்போதே எடுங்கள், எடுத்ததும் நலம் விசாரிக்காதீர்கள், நேரம் வீணாகும்.

தங்கை மங்களம்